ஷார்ஜா நங்கூரத்தில் கைவிடப்பட்ட கப்பல் பணியாளர்களை மீட்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கப்பல் போசன் (மேல்தளப் பணியாளர்களின் மேற்பார்வையாளர்) ஒருவரின் மனைவி,
தூத்துக்குடி.

பெறுநர்:
கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்கள்,
மும்பை.

பொருள்: சம்பளமும் சாப்பாடும் இல்லாமல் கப்பலில் நிற்கும் 9 பேரை ஊர் சேர்ப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் கணவர் வேலை பார்க்கும் சரக்குக் கப்பல் ஐந்து மாதமாக ஷார்ஜாவுக்கு வெளியே நங்கூரத்தில் நிற்கிறது. ஏழு மாதச் சம்பளம் பாக்கி. டீசல் இல்லாததால் ராத்திரி இரண்டு மணி நேரம்தான் ஜெனரேட்டர் ஓடுகிறது. அப்போது போனுக்குச் சார்ஜ் போட்டு என்னிடம் பேசுவார். போன வாரம் வீடியோவில் அரிசி டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே நாளுக்கு ஒன்றாக மார்க்கரில் கோடு போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு 11 கோடு மிச்சம். இதை எழுதும் இன்று 4 தான் இருக்கும்.

கேப்டன் சைன் ஆஃப் ஆகி, அதாவது பணி முடித்துக் கப்பலை விட்டு இறங்கப் போகிறாராம். படகில் வந்த ஒருவர், அரபியில் அச்சடித்த தாளை நீட்டி என் கணவரைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். இவர் போடவில்லை. எகிப்தில் 2017-ல் பிடித்து வைத்த 'அமன்' கப்பலுக்கு முகமது ஆயிஷா என்ற சிரியா நாட்டு அதிகாரியைத்தான் சட்டப்படி பொறுப்பாளி ஆக்கினார்கள்; 2021-ல்தான் அவர் வீடு திரும்பினார். அந்தப் பயம் இவருக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றது. அதன்படி இரண்டு மாதச் சம்பளம் நின்றாலே பணியாளர் கைவிடப்பட்டவர்தான். நான்கு மாதம் வரையிலான சம்பளம், சாப்பாடு, தண்ணீர், ஊர் திரும்பும் செலவு எல்லாம் காப்பீட்டில் இருந்து வர வேண்டும். அந்தக் காப்பீட்டுச் சான்றிதழ் கப்பலில் ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் இவர் ஏறுவதற்கு முன்பே அது காலாவதி ஆகிவிட்டது. அந்த ஒரு தேதியை யாராவது பார்த்திருந்தால் இவர் ஏறியிருக்கவே மாட்டார், ஐயா. அரசு உரிமம் உள்ள ஏஜென்சி என்று நம்பித்தான் என் தாலிச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினோம். பணியாளரிடம் அப்படிப் பணம் வாங்கவே கூடாது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முதலில் தூதரக அதிகாரி ஒருவர் கப்பலில் ஏறி 9 பேரையும் நேரில் பார்க்க வேண்டும்; அரிசி, தண்ணீர், டீசல் போய்ச் சேர வேண்டும். அவர் முன்னிலையில் இல்லாமல் யாரும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று துறைமுகத்துக்கு எழுதுங்கள். கப்பலைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் ஏற்பாடு செய்து இவர்களை இறக்குங்கள். ஏஜென்சி கட்டிய வங்கி உத்தரவாதத்தில் இருந்து டிக்கெட் செலவை எடுத்துக்கொள்ளலாம். இனி காப்பீட்டுத் தேதியைச் சரிபார்க்காமல் எந்தக் கப்பலுக்கும் ஆள் அனுப்ப விடாதீர்கள்.

இப்படிக்கு,
போசனின் மனைவி

இணைப்பு: வேலை ஒப்பந்த நகல், சி.டி.சி. (கப்பல் பணியாளர் அடையாளப் புத்தகம்) நகல், காலாவதியான சான்றிதழின் படம், அரிசி டின்னின் படம்.