வீட்டு வாசிப்பு: 1, 2ஆம் வகுப்புப் பெற்றோருக்கு

வணக்கம். தினமும் 10 நிமிடம் போதும். சாப்பாட்டுக்கு முன்போ தூங்கப் போகும் முன்போ, டிவியை அணைத்துவிட்டு உட்காருங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தடுமாறினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். அதை நீங்கள் படித்துக் காட்டுங்கள், பிள்ளைக்கு எளிதானது கொடுங்கள்.

பலரும் சிக்குவது கொம்பு எழுத்துகளில். 'தொப்பி'யில் கொம்பு முன்னால் நிற்பதால் 'தெ' என்று தொடங்கி, பின்னால் வரும் துணைக்காலை (ா) 'ர' என்று படித்துவிடுவார்கள். கவனக்குறைவு இல்லை, இடமிருந்து வலமாகச் சரியாகத்தான் பார்க்கிறார்கள். 'தொ' முழுவதையும் பென்சிலால் வட்டமிட்டு ஒரே எழுத்தாகக் காட்டுங்கள். பிறகு தெ, தே, தொ, தோ நான்கையும் ஒரே வரியில் எழுதி, மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு எழுத்து வரிசை மட்டும்.

தடுமாறினால் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். உடனே சொல்லிக் கொடுத்தால் பிள்ளை எழுத்தை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கப் பழகிவிடும். ல, ள, ழ உச்சரிப்பைக் கதை நடுவே திருத்தவே வேண்டாம். முடித்த பிறகு ஒரு சொல் போதும்.

ஒரே கதையை நாலு நாள் கேட்டாலும் கொடுங்கள். மனப்பாடமாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் நடுப்பக்கத்தில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். புத்தகம் இல்லாதவர்கள் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை 1 தமிழ்க் கதைகளை இலவசமாக எடுக்கலாம்.