கிரேடு 3 வேறு, ஸ்டேஜ் 3 வேறு

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ அழ ஆரம்பித்ததும் நான் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிட்டது. ஆபரேஷனில் எடுத்த என் மார்பகக் கேன்சர் கட்டியைச் சோதித்த ரிப்போர்ட்டை டாக்டரிடம் வரி வரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்தேன். அதை எழுதிவிடுகிறேன், நிதானமாகப் படி.

'கிரேடு 3' என்று பார்த்ததும் மூன்றாவது ஸ்டேஜ் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். கட்டி எவ்வளவு பெரிது, எங்கெல்லாம் போயிருக்கிறது என்பதுதான் ஸ்டேஜ். மைக்ராஸ்கோப்பில் செல்கள் எப்படித் தெரிகின்றன என்பது கிரேடு. மார்பகக் கட்டியில் மூன்று விஷயம் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மார்க் போடுவார்களாம்: செல்கள் இன்னும் குழாய் வடிவில் நிற்கின்றனவா, உட்கருக்கள் எவ்வளவு தாறுமாறாக இருக்கின்றன, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன. கூட்டினால் 8 அல்லது 9 வந்தால் கிரேடு 3. எனக்கு 8. வேகமாக வளரும் ரகம்தான், பூசி மெழுகவில்லை. கீமோ பேச்சு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அது எங்கும் பரவிவிட்டது என்று அந்த எண் சொல்லவில்லை.

பரவியதா என்பதற்குக் கடைசிப் பக்கத்தைப் பார். 'பிடி2 என்0' (pT2 N0) என்று இருக்கும். முன்னால் உள்ள 'பி', அறுத்து எடுத்ததைச் சோதித்துச் சொன்னது என்பதற்கு. டி2 என்றால் 2 செ.மீ.க்கு மேல், 5 வரை. என்னுடையது 2.6. என்0 என்றால் அக்குளில் எடுத்த லிம்ப் நோடுகள், அதாவது நிணநீர் முடிச்சுகள், மூன்றிலும் கேன்சர் இல்லை. '0/3' என்று போட்டிருப்பதும் அதைத்தான். பரீட்சையில்தான் அது மோசமான மார்க்!

'இன்வேசிவ்' என்பதும் உடம்பெங்கும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பால் குழாயின் சுவரைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் வந்திருக்கிறது, அவ்வளவே.

எனக்குப் பிடித்த வரி மார்ஜின், அதாவது வெட்டி எடுத்த ஓரம், பற்றியது. எடுத்த சதைத் துண்டின் வெளிப்பக்கம் முழுக்க மை தடவுவார்களாம், எது மேல், எது அடி என்று தெரிய ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிறம். பிறகு மெலிதாக வெட்டி, கேன்சர் செல் அந்த மையைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். எனக்கு எங்கும் தொடவில்லை. மிக நெருங்கிய இடம் அடிப்பக்கம், அங்கேயும் 4 மி.மீ. இடைவெளி. அதைத்தான் 'நெகட்டிவ்' என்று எழுதியிருக்கிறார்கள், நீ அதற்கும் பயந்தாய்.

ஈ.ஆர். பாசிட்டிவ், 90 சதவீதம். அதாவது கேன்சர் செல்களில் அத்தனை சதவீதத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி இருக்கிறது. கட்டி ஈஸ்ட்ரோஜனை நம்பி வளர்கிறது, அதனால் ஹார்மோன் மாத்திரை வேலை செய்யும். குறைந்தது 5 வருஷம் போட வேண்டியிருக்கும், அலுப்புதான்.

பாக்கி இருப்பது ஹெர்2, செல்களை வளரத் தூண்டும் ஒரு புரதம். அது கட்டியில் அதிகமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். '2+' என்றால் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாத நிலை. அதனால் ஹெர்2 ஜீன் அளவுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் (FISH) டெஸ்டுக்குப் போயிருக்கிறது. பாசிட்டிவ் என்று வந்தால் அதற்கென்றே உள்ள ட்ராஸ்டுசுமாப் ஊசியும் சேரும்.

அந்த ரிசல்ட் வந்ததும் அதையும் அனுப்புகிறேன். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது நீயும் வீடியோவில் இரு. ஹெர்2 நெகட்டிவ் என்றால், கட்டியின் ஜீன்களை வைத்து கீமோ தேவையா என்று பார்க்கும் டெஸ்ட் எனக்குப் பொருந்துமா என்று கேட்கப் போகிறேன். உன் கேள்விகளை புதன்கிழமைக்குள் எழுதி அனுப்பு.

அம்மா