தைலப் பாட்டில் குழந்தை கைக்கு எட்டக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் நறுமண எண்ணெய்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். லாவண்டர் மணம் மனதை லேசாக்கும், யூகலிப்டஸ் மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள், அதெல்லாம் சரிதான், நானும் தினமும் பயன்படுத்துகிறவள்தான். ஆனால் இரண்டு பக்கக் கட்டுரையில், குழந்தை இருக்கிற வீட்டில் அந்தப் பாட்டிலை எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ஊட்டிப் பக்கம் பிறந்தவள். அப்பா தைலம் காய்ச்சும் கொட்டகையில் வேலை பார்த்தார். எங்கள் பக்கம் யூகலிப்டஸைக் கற்பூர மரம் என்போம். உதிர்ந்த இலையைக் கூட்டி மூட்டை மூட்டையாகக் கட்டி வருவார்கள், அதைச் செம்புக் கொப்பரையில் தண்ணீரோடு அமுக்கி அடைத்து, மூடி விளிம்பில் மண் பூசி, அடியில் தீ போட்டால் ஆவி குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் குளிர்ந்து சொட்டும். மேலே மிதப்பது தைலம். 100 கிலோ இலைக்கு ஒரு கிலோ தைலம் கிடைத்தால் அன்றைக்கு அப்பா சந்தோஷமாக வீட்டுக்கு வருவார். அப்படியானால் கடையில் வாங்குகிற 100 மில்லி பாட்டிலுக்குள் ஒன்பது, பத்துக் கிலோ இலையின் காரம் இருக்கிறது. பெயரில் எண்ணெய் என்று இருப்பதால் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். நானே அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இரண்டு வருஷம் முன்பு ஈரோட்டில் மகள் வீட்டில் இருந்தபோது பேரனுக்குச் சளி. அப்போது அவனுக்கு இரண்டு வயது. கைக்குட்டையில் ரெண்டு சொட்டு விட்டுத் தொட்டில் கம்பியில் கட்டினேன், பாட்டிலை ஜன்னல் திண்டிலேயே வைத்துவிட்டுப் பால் பொங்குகிறதே என்று அடுப்படிக்கு ஓடினேன். திரும்பி வந்தால் பாட்டில் பாயில் கிடக்கிறது, குழந்தை இருமிக்கொண்டே அழுகிறான், வாயைத் திறந்தால் சின்ன வயதிலிருந்து எனக்குப் பழகிய அதே வாசம். ஒரு வாய்தான் போயிருக்கும். பதறிப் போய் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் சொருகிவிட்டது, ஆட்டோவில் என் மடியிலேயே வலிப்பு வந்தது.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து நல்லபடியாக அனுப்பினார்கள். வாந்தி எடுக்க வைத்தது பெரிய தப்பு என்று டாக்டர் சொன்னார். வாந்தி வரும்போது தைலம் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் அதுவே தனி ஆபத்தாம். விரலை விடாமல், உப்புத் தண்ணீர் கொடுக்காமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கற்பூரமும் இப்படித்தான் வலிப்பைக் கொண்டுவரும் என்றார். கைக்குழந்தைக்குச் சளி என்றால் கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்க்கிற வீடு இன்னும் எத்தனை இருக்கிறது, அந்தக் கிண்ணம் கட்டிலடியில்தானே கிடக்கும்! மூட்டுவலிக்கு ஊட்டியில் விற்கும் வின்டர்கிரீன் தைலம் இன்னும் மோசம். அதில் இருப்பது ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட், 5 மில்லி குடித்தால் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரையை ஒரே மடக்கில் விழுங்கியதற்குச் சமம்.

இதற்காக யாரும் தைலத்தைத் தூக்கிப் போட வேண்டாம். தூக்கம் வராத ராத்திரிகளில் தலையணை ஓரம் லாவண்டர் ஒரு சொட்டு எனக்கு இப்போதும் இதமாகத்தான் இருக்கிறது. உடம்பில் தேய்ப்பதென்றால் 10 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு நாலு சொட்டு, அது பெரியவர்களுக்கு, அதுவே போதும். கைக்குழந்தையின் மூக்கில், முகத்தில் தடவவே கூடாது. அப்புறம், வெந்நீரில் ரெண்டு சொட்டு விட்டுக் குடியுங்கள், தொப்பை குறையும் என்று கைபேசியில் வருகிற வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. இது வாய்க்குள் போகிற பொருளே இல்லை.

அந்தப் பாட்டில் இன்னும் என்னிடம் இருக்கிறது. லேபிளில் மலைப் படம், ஏரிப் படம், சளிக்கு, தலைவலிக்கு, கொசுவுக்கு என்று பெரிய பட்டியல். குழந்தைக்கு எட்டாமல் வை என்று தமிழில் ஒரு சொல் இல்லை. மூடி அரைச் சுற்றில் கழன்றுவிடும், திறந்தால் சொட்டாக வராது, கொட்டும். அமுக்கித் திருகினால்தான் திறக்கிற மூடியும், சொட்டுச் சொட்டாக விழ ஒரு பிளாஸ்டிக் அடைப்பானும், தமிழில் கொட்டை எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் போட எவ்வளவு கூடுதலாகச் செலவாகிவிடும்? காய்ச்சுகிறவர்களும் விற்கிறவர்களும் தாங்களாகவே செய்யலாம், செய்யாவிட்டால் அரசு கட்டாயமாக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இந்த எச்சரிக்கையை நாலு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஊட்டியில் பிறந்த ஒரு பாட்டி, ஈரோடு