தரங்கம்பாடிக் கரையின் கைவேலையைச் சொல்லித்தந்தவர்களுக்கு நன்றி

தரங்கம்பாடி மீனவர் தெருவின் பெரியவர்களுக்கும் அக்காமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

ஊர்க் குறிப்பேடு ஒருவழியாக முடிந்தது. டேனிஷ்காரர் காலத்தை எழுதுவது எளிதாக இருந்தது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு போட்ட ஒப்பந்தம், கோட்டை, 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றது எல்லாம் ஏட்டில் இருக்கின்றன. கரையில் அன்றாடம் நடக்கும் வேலையோ உங்கள் கையில்தான் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதல் நன்றி வலை கோர்க்கும் பெரியவர்களுக்கு. இழுத்துப் பிடித்தால் 100 மீட்டர் வரும் நரம்பு வலையை (நைலான் இழை வலை) ஏறக்குறைய 50 மீட்டர் தலைக்கயிற்றில், அதாவது வலையின் மேல்விளிம்புக் கயிற்றில், கோர்க்க வேண்டும். விறைப்பாகக் கோர்த்தால் கண்ணி (வலையின் துளை) ஒடுங்கி, மீன் முட்டிவிட்டுத் திரும்பிவிடும். ரொம்பத் தளர்ந்தால் வலை சுருண்டு குப்பைதான் சிக்கும். கிழிசலைப் பொத்துவதற்கு முன் அறுந்த ஓரத்தை வெட்டிச் சீராக்கிக் காட்டினீர்கள். தொடங்கும் முடிச்சிலும் முடிக்கும் முடிச்சிலும் மூன்று கால் (முடிச்சிலிருந்து பிரியும் அறுபடாத நூல்), நடுவில் உள்ளவற்றில் இரண்டு கால். இந்தக் கணக்குப் பிசகினால் கடைசியில் கண்ணி ஒட்டாமல் நிற்கும்.

கட்டுமரத்தைப் பற்றிச் சொன்னவர்களுக்கும் நன்றி. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்துக் காயவைத்தது எதற்கு என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. நீர் ஊறிய மரம் கனத்து, மிதப்புக் குறைந்துவிடும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் பைபர் (கண்ணாடியிழை) படகுகள் பெருகின. அவற்றைப் பழுது பார்க்கும் தம்பிமார் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறோம், ஏனென்றால் இதில் உயிராபத்து இருக்கிறது. விரிசலை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, இருபக்கமும் சரிவாகத் தேய்க்க வேண்டும். உப்போ ஈரமோ உள்ளே தங்கினால் மேட் (ஒட்டுப்போடும் கண்ணாடியிழை விரிப்பு) ஒட்டாமல் உரிந்துவிடும். ரெசினில் (மேட்டை ஒட்டி இறுகும் பிசின்) முதலில் ஆக்சிலரேட்டரை (இறுகுவதை விரைவாக்கும் திரவம்) ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். இறுகலைத் தொடங்கிவைக்கும் கேட்டலிஸ்ட் அதற்குப் பிறகுதான், ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி. வெயில் கடுமையாக இருந்தால் குறைந்த அளவே போதும்; கூடினால் சூடேறி நொறுங்கும், குறைந்தால் பிசுபிசுப்பு போகாது. ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்கக்கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். குறிப்பேட்டில் இந்த வரியைச் சிவப்பு மையில் அச்சிட்டிருக்கிறோம்.

கருவாடு போடும் அக்காமாருக்கு எவ்வளவு சொன்னாலும் தகும். பெரிய மீனை முதுகில் கீறிக் குடல் எடுத்து, சதையை வரிவரியாகக் கீறி, நான்கு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு. ஈரக்காற்று வீசும் நாளில் மூன்று கிலோவுக்கு ஒரு கிலோ. தொட்டியில் அடுக்கி மேலே பாரம் வைத்தால் மீன் தன் நீரிலேயே ஊறும். எடுத்தவுடன் உச்சி வெயிலில் போடக்கூடாது என்று அழுத்திச் சொன்னீர்கள். மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டு நாறிவிடும். காலை வெயிலில் தொடங்கி, பரண்மேல் பழைய வலையை விரித்துக் காயப்போட்டால் அடியிலும் காற்று போகும், மணலும் ஒட்டாது. கருவாட்டில் சிவப்புப் படிந்தால் அது உப்பிலிருந்து வந்த கிருமி. அந்த உப்பை மறுபடி தொடக்கூடாது. நெத்திலிக்கு உப்பே தேவையில்லை. வளைத்தால் ஒடிய வேண்டும், அதுதான் பதம்.

ஏல நேரத்தில் நாங்கள் குறுக்கே நின்று கேட்டபோதும் முகம் சுளிக்காமல் பதில் சொன்ன மீன் வியாபாரி அக்காமாருக்கும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு வேலைகளுக்கிடையே நேரம் ஒதுக்கியவர்களுக்கும் எங்கள் நன்றி.

குறிப்பேட்டின் ஒரு படி ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் இருக்கிறது. அளவோ முறையோ தவறியிருந்தால் ஓரத்தில் எழுதிவையுங்கள். அடுத்த அச்சில் திருத்திவிடுகிறோம்.

அன்புடன்,
குறிப்பேடு தொகுத்தவர்கள்