பிளேட் எண்ணிக்கையை விடுங்கள், தண்ணீரின் சூட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வெளிவந்த ‘வீட்டிலேயே பீர்: எந்த பிளேட் சில்லர் வாங்கலாம்?’ கட்டுரையைப் படித்தேன். பிளேட் சில்லர் என்றால், அடுக்கிய மெல்லிய உலோகத் தகடுகளுக்கு நடுவே ஒரு பக்கம் சூடான திரவமும் மறு பக்கம் தண்ணீரும் ஓடி, சூட்டை இறக்குகிற கருவி. நான் பீர் காய்ச்சுகிறவன் அல்லன். பால் பதப்படுத்தும் நிலையத்தில் பராமரிப்பு ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பிளேட்டைக் கழற்றுவதும் கழுவுவதும் கேஸ்கெட் மாற்றி மறுபடி முடுக்குவதுமாகவே என் வேலைக்காலம் போயிற்று. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. புதுச்சேரியிலும் சரி, ஆற்றைத் தாண்டினால் வரும் கடலூரிலும் சரி, உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சினால் சட்டப்படி குற்றம். இங்கே கலால் சட்டம், அங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். இதைக் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் படிக்க ஆள் இல்லாத விஷயம் என்று சொல்ல மாட்டேன். பிரான்சில் பிள்ளைகள் இல்லாத வீடு நம் ஊரில் எத்தனை? என் அக்கா மகன் லியோனில் இருக்கிறான். அங்கே சொந்தக் குடிப்புக்குக் காய்ச்சத் தடை இல்லை. அவனும் இதே கேள்வியைத்தான் வாட்ஸ்அப்பில் கேட்டான்: “மாமா, 20 பிளேட் வாங்கவா, 40 வாங்கவா?”

கட்டுரையாளரும் அந்த எண்ணிக்கையிலேயே நின்றுவிட்டார். 40 பிளேட் இருந்தால் 5 நிமிடத்தில் கொதி நிலையிலிருந்து 20 டிகிரி என்று அட்டவணை போட்டிருக்கிறார். உள்ளே விடும் தண்ணீர் எத்தனை டிகிரி என்ற பத்தி அதில் இல்லவே இல்லை. பிளேட் கூடினால் வோர்ட்டின் (பீராகப் புளிக்க வைக்குமுன் காய்ச்சும் முளைகட்டிய தானியச் சாற்றின்) சூடு தண்ணீரின் சூட்டை இன்னும் நெருங்கும், அவ்வளவுதான். அதற்குக் கீழே ஓர் இழை கூட இறங்காது. நானூறு பிளேட் போட்டாலும் இறங்காது. சனவரியில் அக்கா மகன் அளந்தபோது அவன் வீட்டுக் குழாயில் 9 டிகிரி. முத்தியால்பேட்டையில் என் வீட்டு போர் தண்ணீர் 29. மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம், நடுப்பகலில் கை வைக்க முடிவதில்லை. ஆகவே அந்த 5 நிமிடக் கணக்கு லியோனில் பலிக்கலாம், இங்கே பலிக்காது.

20 லிட்டர் வோர்ட்டை 100 டிகிரியிலிருந்து 30க்குக் கொண்டுவர ஏறத்தாழ 1,400 கிலோகலோரி சூட்டை எடுக்க வேண்டும். இதில் பெரும்பங்கை நம் போர் தண்ணீரே எடுத்துவிடும். 40, 50 லிட்டர் ஓடும். வெந்நீராக வெளியே வருவதை வாளியில் பிடித்தால் பாத்திரம் கழுவ ஆகும். மிச்சம் இருக்கும் 10, 12 டிகிரிதான் தகராறு. ஏல் வகை பீரின் ஈஸ்டுக்கு 18லிருந்து 20 டிகிரி வேண்டும், லாகர் வகை பீருக்கு அதைவிடக் குறைவு. அந்தக் கடைசி இறக்கத்துக்கு 240 கிலோகலோரிதான். ஒரு கிலோ ஐஸ் உருகவே 80 கிலோகலோரி உறிஞ்சுவதால் கணக்குப்படி மூன்று கிலோ கூட வேண்டாம். வீணாவதையும் சேர்த்து ஐந்து கிலோ வைத்துக்கொள்ளலாம். ஒரு தொட்டியில் நல்ல தண்ணீர், அதில் ஐஸ், அதைச் சில்லருக்குள் தள்ள ஏர்கூலரில் போடுகிற சின்ன மூழ்கு மோட்டார் ஒன்று. முதலில் போர் தண்ணீர், 32 டிகிரிக்கு வந்த பிறகு ஐஸ் தண்ணீர். எடுத்த எடுப்பிலேயே ஐஸைக் கொட்டுவது காசைக் கொட்டுவது.

ஏன் இத்தனை அவசரமாக ஆற வைக்க வேண்டும் என்பதைக் கட்டுரை நன்றாகவே விளக்கியிருந்தது. சூடாகவே கிடந்தால் வேகவைத்த சோளம் போல் வாடை அடிக்கும் கந்தகப் பொருள் ஊறிக்கொண்டே இருக்கும், வெதுவெதுப்பில் கண்ட கிருமியும் குடியேறும். பாலுக்கும் இதே கதைதான். 72 டிகிரியில் 15 விநாடி காய்ச்சி, உடனே 4 டிகிரிக்கு இறக்குகிறோம். பிளேட் சில்லரே பாலுக்காகப் பிறந்ததுதான். 1923இல் ரிச்சர்ட் செலிக்மன் இங்கிலாந்தில் கொண்டுவந்தது. மதுபான ஆலைக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் இதில் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வோம்.

ஆனால் பால் நிலையத்து பிளேட்டும் வீட்டு உபயோகத்துக்கு விற்கிற பிளேட்டும் ஒன்றல்ல. கட்டுரையில் எனக்குப் பெரிய குறை இதுதான். எங்களுடையதில் பிளேட்டுக்கு நடுவே கேஸ்கெட், இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், நீள போல்ட். சந்தேகம் வந்தால் போல்ட்டைத் தளர்த்தி, ஒவ்வொரு பிளேட்டாக விரித்து, விளக்கைப் பிடித்துப் பார்ப்போம். வீட்டுச் சில்லரை உலையில் வைத்து, பிளேட்டுகளைத் தாமிரத்தால் ஒன்றோடொன்று பற்றவைத்துவிடுகிறார்கள். திறக்கவே முடியாது. பிளேட்டுக்கு நடுவே சந்து சுமார் இரண்டு மில்லிமீட்டர். அதற்குள் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) சக்கையும் புரதத் திப்பியும் போய் உட்கார்ந்தால் வெளியே தெரியாது. தண்ணீர் தெளிவாக வருகிறது, ஆகவே சுத்தம் என்று நம்ப வேண்டியதுதான். பல வருடம் பிளேட்டை விரித்துப் பார்த்தவன் சொல்கிறேன்: கழுவிய தண்ணீர் தெளிவாக வந்த பிறகும் உள்ளே பால் கல் (பாலின் உப்பும் புரதமும் இறுகிய படிவு) ஒட்டியிருந்ததை நிறையவே பார்த்திருக்கிறேன்.

அக்கா மகனுக்கு நான் சொன்ன பதில்: 20 லிட்டர் காய்ச்சுகிறவனுக்கு பிளேட்டே வேண்டாம். தாமிரக் குழாய்ச் சுருள் ஒன்றை வாங்கி, கொதி முடியக் கால் மணி இருக்கும்போதே பானைக்குள் இறக்கிவிடு. அதுவே கிருமி நீக்கம். உள்ளே தண்ணீர் ஓடும், வெளியே வோர்ட். கழுவ வேண்டியது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் நேரம் கூடப் பிடிக்கும், பிடிக்கட்டும். 50 லிட்டருக்கு மேல் போய், நல்ல பம்பும் இருந்தால் பிளேட்டைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ஹாப்ஸைத் துணிப்பையில் கட்டிப் போட வேண்டும். வோர்ட்டைச் சுழற்றி விட்டு, திப்பி நடுவில் படியும் வரை கால் மணி பொறுத்து, ஓரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். முடிந்த கையோடு எதிர்த்திசையில் வெந்நீர் அடிக்க வேண்டும். மறுநாளைக்கு என்று விட்டால் போச்சு.

இன்னொரு எச்சரிக்கை நம் ஊர்ப் பால்காரர்களுக்காக. எங்கள் நிலையங்களில் பால் கல்லுக்கு நைட்ரிக் அமிலம் ஓட்டுவோம். அந்தப் பழக்கத்தில் யாரும் வீட்டுச் சில்லரில் நைட்ரிக்கைத் தொட வேண்டாம். எவர்சில்வரை அது ஒன்றும் செய்யாது, பற்றுவைத்த தாமிரத்தைக் கரைத்துவிடும். பிறகு வோர்ட்டும் போர் தண்ணீரும் உள்ளே ஒன்றாகும். பிளீச்சிங் பவுடரும் ஆகாது. பெர்கார்பனேட் (ஆக்சிஜன் விடும் சலவைப் பொடி) கலந்த வெந்நீர் போதும்.

கடற்கரை ஓரத்தில் உப்பேறிய போர் தண்ணீரும் அதே கெடுதலைத்தான் மெதுவாகச் செய்கிறது. உப்பிலுள்ள குளோரைடு 304 ரக எவர்சில்வரில் ஊசிமுனைத் துளை போடும், சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாக. மாலிப்டினம் கலந்த 316 ரகம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நம் பக்கம் உரிமம் வாங்கி பீர் காய்ச்சும் ஓட்டல்காரர்கள் வாங்கும்போது பிளேட் எத்தனை என்று கேட்பதற்கு முன் ரகம் எது என்று கேட்கட்டும். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் மரையையும் பார்க்க வேண்டும். அங்கே என்.பி.டி. என்ற அமெரிக்கக் குழாய் மரை, நம் கடைகளில் கிடைப்பது பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் மரை. அரை அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான். அதனால் இரண்டு சுற்று ஏறிவிடும். கோணம் வேறு, ஆகவே டெஃப்லான் டேப்பைச் சுற்றினாலும் கசியக்கூடும்.

கட்டுரையில் படத்துக்குக் கீழே தண்ணீரும் வோர்ட்டும் ஒரே பக்கமாக நுழைவது போல் அம்புக்குறி போட்டிருந்தது. அது தவறு. இரண்டும் எதிரெதிராக ஓட வேண்டும். ஒரே திசையில் சம அளவு விட்டால் 100 டிகிரி வோர்ட்டும் 30 டிகிரி தண்ணீரும் நடுவில் 65இல் சந்தித்து நின்றுவிடும்.

ஐஸும் வேண்டாம், சில்லரும் வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் தண்ணீரை மிச்சம் பிடிக்க, கொதிக்கும் வோர்ட்டைச் சூடு தாங்கும் கேனில் நிரப்பி மூடி, தானாக ஆற விடுகிறார்கள். நார்வேக் கிராமங்களின் க்வைக் ஈஸ்ட் 35 டிகிரியைத் தாண்டியும் ஒழுங்காக வேலை செய்யும். நம் வெயிலுக்கு அதுதான் பொருத்தமோ என்று அக்கா மகனிடம் சொன்னேன், சிரிக்கிறான்.

அடுத்த வார இணைப்பில் அந்த அம்புக்குறியைத் திருத்தி, அட்டவணையில் தண்ணீரின் டிகிரிக்கு ஒரு பத்தி சேர்த்து மறுபடி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்பு ஃபிட்டர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.