வற்றாப்பளைப் பயணம்: எப்படிப் போனார்கள் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வைகாசி பிறந்தால், முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன பயண நினைவுகள் பத்திரிகைகளில் வரத் தொடங்கிவிடும். நிலவு, கடற்காற்று, ரக்டர் இழுக்கும் பெட்டிக்குள் பாட்டு, முறிகண்டிக் கச்சான். வாசிக்க நெஞ்சு நிறைகிறது. ஆனால் பதினைந்து இருபது பேரை ஒரு பெட்டிக்குள் ஏற்றி, கிறவல் றோட்டில் கொண்டுபோய், பொங்கிப் படைத்து, மறுநாள் ஒரு கீறல் இல்லாமல் வீட்டு வாசலில் இறக்கிவிட்ட வேலை அந்தக் கட்டுரைகளில் இல்லை. அந்த வேலை தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஆகவே அதைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக வற்றாப்பளைக்கு 50 கிலோமீற்றருக்குள்தான். தார் கிளம்பி, குழி விழுந்து கிடந்த காலத்தில் ஆட்களை ஏற்றிய ரக்டர் மணிக்கு 12 முதல் 15 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. நின்று நின்று போனால் நாலு மணித்தியாலத்துக்குக் குறையாது. பொங்கல் திங்கட்கிழமை என்பதால் ஞாயிறு விடியப்புறம் நாலு மணிக்கே வெளிக்கிடுவார்கள். வெயில் ஏறுமுன் முள்ளியவளையைப் பிடிப்பதுதான் கணக்கு.

முதல் நாள் பின்னேரமே பெட்டியைப் பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு சில்லாக ஜக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பெயரிங் தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும். ஆடும் சில்லோடு நெல் ஏற்றலாம், ஆட்களை ஏற்றக்கூடாது. அடுத்தது ரக்டரையும் பெட்டியையும் இணைக்கும் 'பின்' என்ற இரும்பு ஆணி. இங்கேதான் கூடுதலான விபத்து நடந்தது. பின் தொலைந்துவிட்டால் கையில் கிடைத்த கம்பித் துண்டைப் போட்டுவிடும் பழக்கம் வயலில் உண்டு. குழியில் பெட்டி துள்ளும்போது அந்தக் கம்பியும் சேர்ந்து மேலே துள்ளிக் கழன்றுவிடும். சரியான பின்னின் அடியில் துளை இருக்கும். அதில் கிளிப் கட்டாயம் போடவேண்டும். அதற்கு மேலே ஒரு சங்கிலியையும் சுற்றிக் கட்டினால், பின் போனாலும் பெட்டி குடை சாயாது.

பெட்டியின் தரையில் வைக்கோல் அரை அடி உயரத்துக்குப் பரவவேண்டும். ஆட்கள் இருந்ததும் அது மூன்று விரல் உயரத்துக்கு அமுங்கிவிடும். காலபோக வைக்கோலை மாசி, பங்குனியிலேயே வெயிலில் காயவைத்து உதறி எடுத்து வைத்திருந்தால்தான் சரி. உதறாத வைக்கோலின் சுணை பாயையும் தாண்டி வரும், பிள்ளைகள் வழி முழுக்கச் சொறிந்துகொண்டு வருவார்கள். வைக்கோலுக்கு மேலே சாக்கு, அதற்கு மேலே பாய். வளைத்துக் கட்டிய தடிகளுக்கு மேலே தறப்பாள். முன்பக்கத்தை முழுக்க மூடி, பின்பக்கத்தைத் திறந்துவிட வேண்டும். மசி (மாஸி பெர்குசன்) ரக்டரின் புகைக்குழாய் முன்னால் நிமிர்ந்து நிற்பது. முன்பக்கம் திறந்திருந்தால் புகை முழுக்கப் பெட்டிக்குள் வந்துவிடும்.

யாரை எங்கே இருத்துவது என்பதற்கும் காரணம் இருந்தது. ஒற்றை அச்சுப் பெட்டியில் பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் விழவேண்டும். பின்னால் கூடிவிட்டால் பெட்டியின் மூக்கு மேலே எழும்பி, ரக்டரின் பின்சில்லுக்கு இருக்கும் பிடியைக் குறைத்துவிடும். அளவுக்கு மிஞ்சி முன்னால் போனால், குளக்கட்டில் ஏறும்போது ரக்டரின் முன்சில்லு நிலத்தை விட்டுக் கிளம்பும், சுக்கான் கேளாது. ஆகவே அரிசி, விறகு, பாத்திரம் எல்லாம் முன்பலகையோடு போகும். கிழவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் இருப்பார்கள். குலுக்கம் குறைந்த இடம் அதுதான். குழந்தைகள் நடுவில். கடைசிப் பலகையோரம் இளந்தாரிகள், ஏனென்றால் அடி முழுக்க அங்கேதான் விழும். ரக்டரின் மட்காட்டிலும் (சில்லுக்கு மேலே உள்ள தகடு) இணைப்புக் கம்பியிலும் ஒருவரும் இருக்கக்கூடாது. அங்கிருந்து விழுந்தால் பெட்டிச் சில்லுக்கு நேர் முன்னால்தான் விழுவார்கள்.

ரக்டருக்கு இரண்டு பிறேக் மிதிகள் உண்டு. வயலில் மூலை திருப்புவதற்காக ஒவ்வொன்றும் ஒரு பக்கச் சில்லை மட்டும் பிடிக்கும். றோட்டுக்கு ஏறுமுன் இரண்டையும் சேர்க்கும் தகட்டைக் கொழுவிவிட வேண்டும். மறந்துபோய் ஒற்றை மிதியை அமத்தினால் ரக்டர் அந்தப் பக்கமாகத் திரும்பும், பின்னால் பாரத்தோடு வரும் பெட்டி தள்ளும், இரண்டும் மடங்கிக்கொள்ளும். பெட்டிக்கென்று தனிப் பிறேக் கிடையாது. அதனால் குளக்கட்டில் இருந்து இறங்கும் முன்பே சின்னக் கியருக்கு வந்துவிட வேண்டும். சரிவில் வைத்துக் கியர் மாற்றுவதும், கிளச்சை அமத்திக்கொண்டு இறங்குவதும், நியூற்றலில் விடுவதும் ஆளைக் கொல்லும் வேலை.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். பச்சைத் தேங்காய்ப்பூச் சேர்ந்த எதையும் மத்தியானத்துக்கு வைக்கக்கூடாது. பிட்டு என்றால் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். மத்தியானத்துக்குப் புளிச்சாதம். எட்டுப் பேருக்கு ஒரு கிலோ அரிசி, அதற்கு 100 கிராம் அளவில் பழப்புளி, 100 மில்லிலீற்றருக்குக் குறையாத நல்லெண்ணெய். வடித்த சோற்றைச் சுளகிலோ ஓலைப்பாயிலோ பரவி, சூடு முழுக்க ஆறிய பிறகுதான் புளிக்குழம்பில் பிரட்டி, வாட்டிய வாழையிலையில் கட்டவேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே ஆவி வேர்த்துப் பத்து மணிக்கே நொந்துவிடும். பொங்கல் பானையைப் பெட்டித் தரையில் வைத்தால் ஒட்டுசுட்டானுக்கு வருமுன் வெடித்திருக்கும். கடகத்துக்குள் வைக்கோல் அடைத்து, அதற்குள் பானையை இறக்கி, ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு வரவேண்டும். வழியில் பாலைப்பழம் விற்றால் வாங்குங்கள், ஆனால் வெறும் வயிற்றில் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம். பால் ஒட்டிய உதட்டுக்குத் தேங்காயெண்ணெய் பூசினால் கழன்றுவிடும்.

இனிக் கார். போரின்போது எரிபொருள் வராமல் இருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் "மண்ணெண்ணெயில் கார் ஓடியது" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மண்ணெண்ணெயில் கார் ஓடும், ஆனால் ஸ்ரார்ட் ஆகாது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாததே காரணம். அதற்காகக் காபரேற்றருக்கு மேலே ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் தொங்கும். சேலைன் குழாயும் அதன் உருட்டுப் பூட்டும் அதற்கு நன்றாகப் பொருந்தின. பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, நாலைந்து நிமிடம் ஓடி, இயந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சூடு இறங்காமல் இருக்க றேடியேற்றருக்கு முன்னால் காட்போட் மட்டை ஒன்றைச் செருகுவதும் உண்டு.

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் ஏ9 வீதியில் ஒரு வாகனமும் கடந்து போவதில்லை. ஆனால் மண்ணெண்ணெயில் ஓடிவந்த காரைக் கோயில் வாசலில் அப்படியே நிற்பாட்டினால், தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கி வருவதற்குள் சூடு இறங்கிவிடும், பிறகு தள்ளத்தான் வேண்டும். விஷயம் தெரிந்த சாரதி கோயிலுக்கு அரை மைல் முன்பே பெற்றோலுக்கு மாற்றிவிடுவார். நிற்பாட்டும்போது காபரேற்றர்க் கிண்ணத்தில் பெற்றோல் நிறைந்திருக்கும், அடுத்த ஸ்ரார்ட் தடையின்றி வரும். மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள் இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டுக் கும்பிட்டார்கள்.

இந்த வித்தை ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய கார்களில் பலித்ததற்குக் காரணம், அவற்றின் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையை நெருக்கும் அளவு) 7க்கு 1 என்ற அளவை ஒட்டிக் குறைவாக இருந்தது. அப்படியிருந்தும் ஏற்றத்தில் இயந்திரம் தட்டும். ரைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) கொஞ்சம் பின்தள்ளி வைத்தால் தட்டல் குறையும், இழுவையும் குறையும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரோரமாக வழிந்து எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் குறைய வேண்டிய இடத்தில் அளவுக் கம்பியில் மட்டம் ஏறிக் காட்டினால் அதுதான் அடையாளம். உடனே மாற்றாவிட்டால் பெயரிங் போய்விடும். புகையில் கண் எரியும், பிள்ளைகளுக்குச் சத்தி வரும், யன்னல் பூட்டக்கூடாது. இன்றைய கார், வான் எதற்கும் இது சரிவராது. புதிய டீசல் வாகனத்துக்கு மண்ணெண்ணெய் விட்டால், வழுவழுப்புப் போதாமல் பம்பும் இன்ஜெக்டரும் தேய்ந்துவிடும். எரிபொருள் தட்டுப்பாடு மறுபடி வந்தாலும் தயவுசெய்து முயற்சிக்கவேண்டாம்.

இதை வாசித்துவிட்டு, வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளைகளோடு பழையபடி பெட்டி கட்டிப் போகலாம் என்று சிலருக்கு ஆசை வரும். ஊருக்குள், வயல் வழியாக, பகலில் போங்கள். ஏ9 வீதியிலும் மாங்குளம்–முல்லைத்தீவு ஏ34 வீதியிலும் ரக்டர் பெட்டியில் ஆட்களை ஏற்றவேண்டாம். அன்று பெட்டியின் பின்னால் தொங்கிய அரிக்கன் லாம்பு போதுமாக இருந்தது, ஏனென்றால் பின்னால் வந்ததும் இன்னொரு ரக்டர்தான். இன்று காப்பெற் றோட்டில் வரும் வான்காரர் உங்கள் பெட்டியைக் காணும்போது பிறேக் பிடிக்கத் தூரம் இருக்காது. வானில் போகிறவர்களும் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிக் காட்டோரத்தைப் பொழுது படுமுன் கடந்துவிடுங்கள். யானை நின்றால் தூரத்திலேயே நிற்பாட்டுங்கள். ஹோன் அடிக்கக்கூடாது, படம் எடுக்க இறங்கவும் கூடாது. கன்று ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் நிற்கும்போது நடுவால் ஓட்டிப் போகவே கூடாது.

ஆசிரியர் அவர்களே, இந்த வைகாசிக்கு நினைவுக் கட்டுரை தருகிறவர்களிடம் இவற்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்: என்ன ரக்டர், எத்தனை பேர், தறப்பாள் வளையத்துக்கு எந்த மரத்தின் தடி, குளக்கட்டில் எந்தக் கியர், பின்னுக்குக் கிளிப் போட்டது யார்.

இப்படிக்கு,
பழைய சாரதிகளும் திருத்துநர்களும்,
ஒட்டுசுட்டான்.