மயக்கம் தெளிவதையும் விளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மயக்க மருந்திலிருந்து மூளை விழித்தெழும் விதம் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான செய்தியைப் படித்தேன். இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்ததும் நோயாளி தானாக எழுந்துவிடுவார் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால், விழிப்பைத் தூண்டுவதற்கென்றே மூளையில் நரம்புப் பாதைகள் உள்ளன. 1998ல் கண்டறியப்பட்ட, விழிப்பைத் தூண்டும் ஓரெக்சின் என்னும் மூளை வேதிப்பொருளின் சமிக்ஞையை எலிகளில் தடுத்தபோது, அவை மயக்கத்தில் ஆழும் விதம் மாறவில்லை, விழிப்பதுதான் தாமதமானது என்று 2008ல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, மயங்குவதைத் திருப்பிப் போட்டால் விழிப்பு ஆகிவிடாது.

இடுப்பெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் என் தாயார் கண் திறந்தும் நெடுநேரம் என்னை அடையாளம் காணாமல், கட்டில் கம்பியை இறுகப் பற்றியபடி, முப்பது ஆண்டுகளுக்கு முன் காலமான தம் அக்காவை அழைத்துக்கொண்டிருந்தார். அவருடைய செவிப்புலன் கருவியோ என் கைப்பையில் இருந்தது. இப்படி நேரலாம் என்று எவரும் முன்கூட்டிச் சொல்லாததால் பக்கவாதம் என்றே நான் பதறினேன். எனவே, அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஆலோசனையின்போது, விழிப்பு தாமதமாகலாம், முதியவர்களுக்குச் சிறிது நேரம் குழப்பம் ஏற்படலாம் என்பதை நம் மருத்துவமனைகள் தமிழிலும் விளக்குவதோடு, முன்பு மயக்கம் தெளியத் தாமதமானதா, பகலில் அடக்க முடியாத தூக்கம் வருகிறதா என்றும் கேட்டறிந்து, கண் விழித்தவுடன் மூக்குக்கண்ணாடியையும் செவிப்புலன் கருவியையும் அணிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், உட்லண்ட்ஸ்